முருகேசனோட இடது புருவம்

எங்க மாவட்டத்து போட்டோகிராபருங்க சேர்ந்து ஒரு மலர் போடறாங்களாம். ஆளுக்கு அரைப் பக்கம். உங்களுக்குப் பிடிச்ச எடிட்டிங் சாஃப்ட்வேர் எது, அதுல என்ன பிடிக்கும், இதான் கேள்வி. நான் கடைசியா வேலை பார்த்த லேப்ல இருக்கற புள்ளைங்க எல்லாம் எழுதிக் குடுத்துட்டாங்க. ஒருத்தனுக்கு ஷார்ட்கட் கீ பிடிக்குமாம். இடது கையை கீபோர்டு மேல வெச்சா போதும், தேடவே வேண்டாம், விரல் தன்னால போகுதுங்கறான். இன்னொருத்தனுக்குப் போன்லயே பண்றது பிடிக்கும். டீக்கடையில உக்காந்து டீ ஆறறதுக்குள்ள அரை ஆல்பத்துக்குக் கலர் சரி பண்ணிடறானாம். கவிதான்னு ஒரு பொண்ணு, கெட்டிக்காரி, அவ எழுதியிருக்கா: "முகத்தைத் தானாவே மெழுகி விட்டுடுது, பரு பொறுக்கற வேலை இல்லை, அதான் எனக்கு உசுரு."

அப்புறம் எங்கிட்ட வந்தாங்க. "மேரியக்கா, நீங்க சொல்லுங்க. பென்சில் காலத்துல இருந்து பாக்கறீங்க."

எனக்குப் பிடிச்சது லேயர். வேற ஒண்ணும் வேண்டாம். நாம மேல என்ன கூத்தடிச்சாலும் அடியில மொத படம் அப்படியே இருக்கும். பக்கத்துல ஒரு சின்னக் கண்ணு போட்டிருக்கான் பாருங்க, அதை ஒரு தட்டுத் தட்டுனா நாம பண்ணது எல்லாம் மறைஞ்சு, அந்த ஆளு எப்படி வந்து நின்னாரோ அப்படியே நிப்பாரு. நான் இருபது வருஷம் அதைத் தட்டித் தட்டிப் பார்த்திருக்கேன். தேவையே இருக்காது. சும்மா, இருக்கா இருக்கான்னு பார்த்துக்குவேன். கவிதா சிரிப்பா. "என்னக்கா, ஓடியா போயிடும்?" ஓடிப் போயிருக்கு தாயி. என் கையாலயே போயிருக்கு.

அரைப் பக்கத்துக்கு இது போதும். ஆனா ஏன் பிடிக்கும்னும் கேட்டுட்டாங்களே. இடம் இல்லைன்னா மிச்சத்தைக் கிழிச்சுப் போடுங்க, நான் கோவிச்சுக்க மாட்டேன்.

தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி ஒரு ஸ்டூடியோவுல எண்பதுகள்ல நான் ரீடச்சிங் ஆர்ட்டிஸ்ட். பேருதான் பெருசு. உள் ரூம்ல ஜன்னலோரம் உக்காந்து நெகட்டிவ்ல பென்சில் வைக்கற வேலை. எங்கப்பா கூலிக்காரரு, நான் பத்தாவது பெயிலு. கையெழுத்துப் பொடிசா இருக்கும்னு மாதா கோயில்ல யாரோ சொல்லி, சேர்த்து விட்டாங்க. ரெண்டு வருஷம் கத்துக்கிட்டேன். அதைப் பத்திச் சொல்ல ஒண்ணும் இல்லை. பென்சில் சீவுனேன், திட்டு வாங்குனேன், திருப்பிச் சீவுனேன்.

வேலை இதுதான். சாய்வா ஒரு மரப்பெட்டி. நடுவுல தேய்ச்ச கண்ணாடி, கீழ ஒரு மொகம் பாக்கற கண்ணாடி. ஜன்னல் வெளிச்சம் அதுல பட்டு மேல வரும். நெகட்டிவை வெச்சு, கர்ப்பூரத் தைலம் மாதிரி வாசம் அடிக்கற ஒரு மருந்தைப் பஞ்சுல தொட்டுத் தேய்க்கணும். அப்பதான் பென்சில் பிடிக்கும். நெகட்டிவ்ல எல்லாம் தலைகீழ். முகத்துல கறுப்பா இருக்கற சுருக்கம், கண்ணுக்கடிக் குழி எல்லாம் நெகட்டிவ்ல வெளுப்பா இருக்கும். அங்க பென்சிலால பொடிப் பொடியா புள்ளி வெச்சு நிரப்புனா, பிரிண்ட்ல முகம் வழுவழுன்னு வந்துரும். ஊசி மாதிரி சீவுன முனை. மூச்சை விட்டா கோடு ஆடிப் போயிடும். பென்சில்ல தப்புப் பண்ணுனா பயமில்லை. அதே மருந்தைப் பஞ்சுல தொட்டுத் துடைச்சா போயிடும், மறுபடி வைக்கலாம்.

கத்தி அப்படி இல்லை. முகத்துல வெளுப்பா இருக்கற தழும்பு, பளபளன்னு எண்ணெய் வழியற இடம், இதெல்லாம் நெகட்டிவ்ல அடர்த்தியா கறுத்திருக்கும். அதைச் சுரண்டித்தான் எடுக்கணும். ஹாக்சா பிளேடை ஒடிச்சுச் சாணை பிடிச்ச ஒரு கத்தி. முடி கனத்துக்குச் சுரண்டணும். சுரண்டுனது சுரண்டுனதுதான். திரும்பி வராது.

ஸ்டூடியோ முதலாளி ராயப்பன் அண்ணன். எங்க ஆளுங்கதான், என்னை விடப் பத்து வயசு மூப்பு இருக்கும். நல்லா இருக்குன்னு அவர் வாயில இருந்து நான் கேட்டதே இல்லை. "ம்" ஒண்ணுதான். பிரிண்டை எப்பவும் தலைகீழா வெச்சுப் பார்ப்பாரு. நேரா பார்த்தா முகம் நம்மளை ஏமாத்திடும், தலைகீழா பார்த்தா நாம எங்க கை வெச்சோம்னு தெரிஞ்சிடும்பாரு. அந்தாளுக்குக் கோவம் வந்தா கத்த மாட்டாரு. மரியாதை கூடிடும். "வாங்க மேடம்"னு கூப்புட்டாருன்னா அன்னிக்கு நான் தொலைஞ்சேன்.

அவர்கிட்ட ஒரே ஒரு சட்டம். கத்தி எடுக்கறதுக்கு முன்னாடி கை வைக்காத நெகட்டிவ்ல இருந்து ஒரு பிரிண்ட் போட்டு, நெகட்டிவ் கவர்லயே வெச்சிடணும். சின்னதா இருந்தாலும் போதும். ஏன்னு கேட்டா சொல்ல மாட்டாரு. போடு, அவ்வளவுதான்.

எனக்கு அப்பத் தலைக்கனம். ஊரே என் கையைத் தேடி வந்துச்சு. அம்மைத் தழும்பு இருக்கற பொண்ணுங்க படம், மாப்பிள்ளை வூட்டுக்கு அனுப்பறதுக்கு வரும். நான் ஒரு புள்ளி விடாம எடுத்துடுவேன். ஒரு தடவை மாரண்டஹள்ளிப் பக்கத்துப் பொண்ணு ஒண்ணு. மாப்பிள்ளை வூட்டார் நேர்ல வந்து பார்த்துட்டு, "போட்டோவுல இருக்கற பொண்ணை வரச் சொல்லுங்க"ன்னுட்டாங்களாம். அந்தப் பொண்ணு அங்கயேதான் தட்டோட நின்னுட்டு இருந்துச்சாம். அவங்கம்மா வந்து ஸ்டூடியோ வாசல்ல நின்னு ஒரு வார்த்தை திட்டலை, படத்தை மட்டும் திருப்பிக் குடுத்துட்டுப் போச்சு. அன்னிக்கே எனக்குப் புத்தி வந்திருக்கணும். வரலை. என் கைக்கு என்ன குறைன்னு ராத்திரி சோறு தின்னுட்டுத் தூங்கிட்டேன்.

அதுக்கு அடுத்த வருஷம் மாதையன்னு ஒரு விவசாயி வந்தாரு. பாலக்கோடு பக்கம் தக்காளி போடறவரு. தோள்ல துண்டு, கால்ல செருப்பு இல்லை. ராயப்பன் அண்ணன் பென்னாகரத்துல ஒரு கல்யாணத்துக்குப் படம் எடுக்கப் போயிட்டாரு. நான் மட்டும்தான்.

"ஏனுங்கம்மா, போன வருசம் எம்பையன் இங்க போட்டோ புடிச்சான். லைசென்சுக்கு. அந்த பிலிம் இருக்குங்களா?"

"இருக்கும்ங்க. ரசீது இருக்கா?"

"இல்லீங்க. அவனே இல்லீங்க."

பையன் பேரு முருகேசன். இருபத்தோரு வயசு. தக்காளி ஏத்திட்டுச் சேலம் போற லாரியில டிரைவரு. தொப்பூர் எறக்கத்துல வண்டி பிரேக் பிடிக்காம கவுந்துடுச்சு. சட்டைப் பையில இருந்த லைசென்ஸ் டீசல்ல ஊறி, அதுல இருந்த முகம் கரைஞ்சே போச்சாம். வூட்டுல வேற படம் கிடையாது. வாழ்நாள்ல அவன் கேமரா முன்னாடி நின்னது அந்த ஒரு தடவைதான்.

ஒரு வருஷத்துக் கவரை எல்லாம் பிரிச்சு ஒவ்வொண்ணா ஜன்னல்ல காட்டித் தேடுனேன். அவர் நின்னுக்கிட்டே இருந்தாரு, உக்காருங்கன்னாலும் உக்காரலை. மத்தியானத்துக்கு மேல கிடைச்சுது. உண்மையச் சொல்றேன், அந்தப் பையன் முகம் எனக்கு ஞாபகமே இல்லை. நான்தான் பவுடர் குடுத்துத் தலை சீவச் சொல்லியிருப்பேன். லைசென்ஸ் படத்துக்கு டச்சிங் கிடையாது, அதனால அதுவரைக்கும் அந்த நெகட்டிவ்ல யாரும் கை வைக்கலை. ஆயிரம் பேர் வந்து போற இடம். இருந்தாலும் இன்னிக்கும் அது எனக்கு உறுத்தும்.

"காரியத்துக்கு அஞ்சு நாளுதான் இருக்குதுங்க. பெருசா போட்டுக் குடுங்க, கல்யாண மாப்பிள்ளை கணக்கா இருக்கணும்." சொல்லிட்டு வாசல்படி வரைக்கும் போனவரு திரும்பி வந்தாரு. "அந்தப் புருவத்துல ஒரு வெட்டுத் தழும்பு இருக்கும் பாருங்க. அது மட்டும் தெரியவே கூடாதுங்க. சுத்தமா எடுத்துடுங்க."

இடது புருவத்தை ரெண்டா பிரிச்சுக்கிட்டு ஒரு கோடு. பிறவி மாதிரி ஆறிப் போன பழைய தழும்பு. முடி முளைக்காம வெளுத்திருக்கு. கத்தி வேலை.

கரண்ட் இல்லை. கரண்ட் இல்லாம பிரிண்ட் போட முடியாது. ஆனா என் பெட்டிக்கு ஜன்னல் வெளிச்சம் போதும். கரண்ட் வர்ற வரைக்கும் சும்மா உக்காந்திருக்கணுமா, பெத்தவரே வாய்விட்டு எடுக்கச் சொல்லிட்டாரு, அப்புறம் எதுக்குக் காப்பி பிரிண்ட், எவன் கேக்கப் போறான்? இதெல்லாம் அன்னிக்கு நான் எனக்குச் சொல்லிக்கிட்டது. கத்தியை எடுத்தேன். பதினஞ்சு நிமிஷம். முடி முடியா புருவத்தைக் கூட்டிட்டேன். என் வாழ்க்கையிலயே அவ்வளவு சுத்தமா நான் கத்தி வெச்சதில்லை. பாவி, அதுல பெருமை வேற.

சாயங்காலம் ராயப்பன் அண்ணன் வந்தாரு, கரண்டும் வந்துச்சு. பிரிண்ட் போட்டுத் தலைகீழா வெச்சுப் பார்த்தாரு. ரொம்ப நேரம் பார்த்தாரு. கவரைப் பிரிச்சாரு. உள்ள ஒண்ணும் இல்லை.

"வாங்க மேடம். இந்தப் பையன் எப்படி இருந்தான்னு எனக்குக் காட்டறீங்களா?"

"அவங்கப்பாதான் எடுக்கச் சொன்னாருண்ணே."

"அம்மா என்ன சொன்னாங்க?"

அம்மா வரலைன்னேன். அவரு லென்ஸ் துடைக்கற துணியை எடுத்து, துடைச்ச லென்ஸையே திரும்பத் திரும்பத் துடைச்சாரு.

ரெண்டு நாள் கழிச்சு மாதையன் தம் சம்சாரத்தோட வந்தாரு. காவேரியம்மா. ஒல்லியா, வெயில்ல காஞ்ச உடம்பு. கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி இல்லை. படத்தை கவுண்டர்ல வெச்சேன். அவர் பார்த்துத் தலையாட்டுனாரு. "போதுங்க. நல்லா இருக்கான்." அந்தம்மா பார்த்தாங்க. இப்படிப் பார்த்தாங்க, அப்படிப் பார்த்தாங்க. அப்புறம் எங்கிட்ட கேட்டாங்க.

"இது யாருங்க?"

"உங்க பையன்தாங்கம்மா."

"எம்புள்ள இல்லீங்க இது. தழும்பு எங்க?"

மாதையன் அவசரமா குறுக்க விழுந்தாரு. "அட, அது எதுக்கு புள்ள? சின்னதுல கெணத்து மேட்டுல வுழுந்து வாங்குனது. அது இல்லாம எவ்வளவு லட்சணமா இருக்கான் பாரு."

அந்தம்மா அவர் மூஞ்சியை ஒரு தடவை பார்த்துட்டு வாயை மூடிக்கிட்டாங்க. கண்ணாடி போட்டு வைங்க, காரியத்துக்கு மொத நாள் வந்து வாங்கிக்கறேன்னு சொல்லிட்டு அவர் கூட்டிட்டுப் போயிட்டாரு.

மறுநாள் மொத பஸ்ஸுக்கே அந்தம்மா தனியா வந்துட்டாங்க. நான் கடை திறக்கறப்ப படியில உக்காந்திருக்காங்க.

"அவருக்குத் தெரியாம வந்தேன் சாமி. அந்தத் தழும்பை வெச்சுக் குடுத்துடு."

"எடுத்தது எடுத்ததுதாங்கம்மா. திரும்ப வராது."

"எங்கயாச்சும் ஒரு படம் இருக்குமில்ல? பழையது?"

இல்லைன்னேன். என் தப்புன்னு சொன்னேன். காப்பி எடுத்து வெச்சிருக்கணும், வைக்கலைன்னு சொன்னேன். திட்டுவாங்கன்னு பார்த்தேன். திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். அந்தம்மா உள்ள வந்து, என் ஸ்டூலுக்குப் பக்கத்துல தரையில உக்காந்து, மெதுவா சொல்ல ஆரம்பிச்சாங்க.

"அது வுழுந்து வாங்குனது இல்ல. நான் போட்டது."

அவனுக்கு ஏழு வயசு. ஆட்டை மேய்க்க விட்டிருக்காங்க. விளையாட்டுப் புத்தியில ஆட்டை நாத்துப் பாத்திக்குள்ள விட்டுட்டான். அத்தனை தக்காளி நாத்தும் போச்சு. களை வெட்டிட்டு இருந்த காவேரியம்மா, ஆத்திரத்துல கையில இருந்த களைக்கொத்தை அப்படியே வீசிட்டாங்க. புருவத்துல பட்டுடுச்சு. "ஒரு வெரக்கடை கீழ பட்டிருந்தா கண்ணு போயிருக்கும் சாமி. கொத்தை அங்கயே வுட்டுட்டு, புள்ளையத் தூக்கிட்டு ஓடியாந்து காப்பித்தூளை வெச்சு அமுக்கிப் புடிச்சேன். அவங்கப்பன் வந்து என்னடா ஆச்சுங்கறாரு. நான் வாயத் தொறக்கறதுக்குள்ள இவன் சொல்றான், கெணத்து மேட்டுல வுழுந்துட்டேம்ப்பா."

பதினாலு வருஷம். அவன் ஒரு நாளும் சொல்லலை. இவங்களும் சொல்லலை. "எங்கிட்டகூட அதப் பத்திப் பேசுனதில்ல. தலைக்கு எண்ணெ வெக்கறப்ப எங்கையி அங்க போவும். அவன் சும்மா சிரிச்சுக்குவான்."

எனக்கு அழுகை வந்துடுச்சு. அந்தம்மா அழலை.

ராயப்பன் அண்ணன் எப்ப வந்தாரோ, எவ்வளவு கேட்டாரோ தெரியாது. இருட்டறைக்குள்ள போனாரு. கொஞ்ச நேரத்துல அந்தப் புருவம் மட்டும் பெருசா விழுந்த நாலஞ்சு துண்டு பிரிண்டைக் கொண்டாந்து எம்பெட்டி மேல வெச்சுட்டு வெளிய போயிட்டாரு. பழகிக்கோன்னு அர்த்தம்.

சுரண்டுன நெகட்டிவ்ல மறுபடி பென்சில் பிடிக்காது. ஒரே வழி, பிரிண்ட் மேலயே வேலை செய்யணும். நெகட்டிவ்ல கத்தி வெச்சா அந்த இடம் பிரிண்ட்ல கறுக்கும். பிரிண்ட்ல கத்தி வெச்சா வெளுக்கும். அப்ப தழும்பை எடுத்த அதே கத்தியாலதான் அந்தப் புருவத்தை நான் திரும்ப வெட்டணும்.

எவ்வளவு நீளம், எந்தச் சாய்வுன்னு எனக்குத் தெரியாது. கேட்டேன். அந்தம்மா வாயால சொல்லத் தெரியாம, எந்திரிச்சு வந்து, கட்டை விரல் நகத்தால என் புருவத்து மேல ஒரு கோடு இழுத்துக் காட்டுனாங்க. மேல ஆழம், கீழ வர வர மெலிசு, கடைசியில மூக்குப் பக்கமா ஒரு சின்ன வளைவு. காச்சுப் போன விரல். அந்த நகம் போன வழியை இன்னிக்கும் என்னால காட்ட முடியும்.

மொத துண்டுல போட்டேன். "இல்லீங்க, இது நேரா கெடக்குது." ரெண்டாவது. "இம்மாம் பெருசு இல்ல." மூணாவதை ரொம்ப நேரம் பார்த்துட்டு, "கிட்ட வந்துடுச்சு"ன்னாங்க. நாலாவதுல தலையாட்டுனாங்க. அப்புறம் பெரிய படத்தைக் கண்ணாடியில இருந்து கழட்டி வெச்சேன். முழு முகம் இப்ப. நேரா எங்களையே பாக்கறான். நான் கத்தியை எடுத்து அந்தப் புருவத்துக்கிட்ட கொண்டு போறேன், சடார்னு என் மணிக்கட்டைப் பிடிச்சுட்டாங்க.

"மெல்ல சாமி. மெல்ல."

விடவே இல்லை. பிடிச்ச கை பிடிச்சபடியே இருந்துச்சு. அந்தக் கை நடுங்குது, அது பிடிச்ச என் கையும் நடுங்குது. கத்தி வைக்கறப்ப மூச்சே விடக் கூடாதுன்னு இருந்தவ நான். அப்படி ஆடி ஆடி வந்த கோடுதான் அது. மேல ஆழமா, கீழ மெலிசா. கத்தியைக் கீழ வெச்சேன். அந்தம்மா குனிஞ்சு பார்த்துட்டு, "வந்துட்டான்"னாங்க. அவ்வளவுதான் சொன்னாங்க.

நிமிந்தா வாசல்ல மாதையன் நிக்கறாரு. வூட்டுல ஆளைக் காணோம்னதும் எங்க போயிருப்பாங்கன்னு தெரிஞ்சு அடுத்த பஸ்ஸைப் பிடிச்சு வந்திருக்காரு. வந்து படத்தைப் பார்த்தாரு. அவர் முகம் விழுந்துடுச்சு.

"ஏம்மா, எடுங்கன்னுதானே சொன்னேன்?" எங்கிட்டதான் கேட்டாரு.

காவேரியம்மா எந்திரிச்சு நின்னாங்க. "அவங்களக் கேக்காதீங்க. நான்தான் வெக்கச் சொன்னேன். அவன் கெணத்து மேட்டுல வுழலீங்க. நான்தான்..."

"தெரியும் புள்ள."

அந்தம்மாவுக்குப் புரியலை. எனக்கும்தான்.

"அன்னிக்கே தெரியும். நாத்துப் பாத்திய பாக்கப் போனேன். கொத்து ரத்தத்தோட கெடந்துச்சு. கழுவி எடுத்தாந்து கூரை எறவாணத்துல சொருவி வெச்சது யாருன்னு நெனச்ச?"

"ஏன் கேக்கல?"

"புள்ளையே சொல்ல வேண்டாம்னு இருக்கறான். நான் என்னத்தக் கேக்கறது?" துண்டால மூஞ்சியைத் துடைச்சுக்கிட்டாரு. "இனி தெனமும் வெளக்கு வெக்கறப்ப அதப் பார்த்துப் பார்த்து நீ நொந்து சாவப் போறியேன்னுதான் எடுக்கச் சொன்னேன்."

அப்பதான் அந்தம்மாவுக்கு அழுகை வந்துச்சு. தரையில உக்காந்து, படத்தை மடியில வெச்சுக்கிட்டு, அந்தப் புருவத்து மேல விரலை வெச்சுக்கிட்டு அழுதாங்க.

"அத எடுத்துப்புட்டா நான் எதப் பார்த்துங்க அவங்கிட்ட மன்னிப்புக் கேப்பேன்?"

மாதையன் பக்கத்துல உக்காந்தாரு. கொஞ்ச நேரம் கழிச்சு அவரும் தன் விரலைக் கொண்டு போயி அங்கயே வெச்சாரு.